போஸ்டரில் போடாத பேர்

எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் போஸ்டர் ஒட்டும்போது, பேருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் இன்னொரு பேர் போடுவார்கள். அதுதான் உண்மையான பேர். ஞானஸ்நானத்தில் சாமியார் வைத்த பேர் கோயில் புத்தகத்துக்கும் ரேஷன் கார்டுக்கும். அடைப்புக்குள் இருப்பது தெருவுக்கு. ஒரே தெருவில் நாலு மரியபுஷ்பம் இருந்தால் எந்த மரியபுஷ்பம் செத்தாள் என்று தெரிய வேண்டாமா? அதனால் ஒருத்தி 'நண்டு', ஒருத்தி 'டபுள் டெக்கர்', ஒருத்தி 'பாதி இட்லி'. பாதி இட்லிக்குப் போஸ்டர் ஒட்டியபோது, அழுதுகொண்டே வந்தவர்கள்கூட அதைப் படித்து லேசாகச் சிரித்துவிட்டு, மறுபடி முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் உள்ளே போனார்கள்.

இந்தப் பேர்களில் பாதி நான் வைத்தவை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். படிப்பு எனக்கு ஐந்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் ஒரு ஆளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தால் போதும், பேர் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். துப்புவது ஒன்றுதான் என் வேலை.

ஒரு பேரை மட்டும் நான் இப்போது சொல்வதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன். எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் கிழக்கே துறைமுகம் தெரியும். அங்கே கழுத்தை நீட்டிக்கொண்டு, கப்பலிலிருந்து பெட்டி பெட்டியாகத் தூக்கி இறக்குமே ஒரு இரும்புச் சாமான், அதன் பேரை ஒரு பொம்பளைக்கு வைத்தேன். முப்பது வருஷம் ஊரே அதைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது. போன தை மாசம் அவள் செத்துப்போனாள். சாவதற்கு நாலு நாள் முன்னால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். நேரான பதிலை நான் சொல்லவில்லை. இப்போதெல்லாம் கிழக்கே முதுகைக் காட்டிக்கொண்டுதான் துணி காயப்போடுகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் இறால் கம்பெனியில் வேலை பார்த்தோம். தலையைக் கிள்ளி, ஓடு உரித்து, ஐஸ் தண்ணீரில் அலசித் தட்டில் அடுக்க வேண்டும். அவள் சேர்ந்த முதல் நாள், குளிர் அறையில் மேல் அடுக்கில் இருந்த ஒரு தட்டை எடுக்க சூப்பர்வைசர் முக்காலி தேடிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்தாள். வந்தாள் என்றால், முதலில் குனிந்த தலை வந்தது. பிறகு தோள் வந்தது. கடைசியாக ஆள் முழுசாக வந்து நிமிர்ந்தது. ஒரு கையை நீட்டித் தட்டை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

பின்னாலிருந்து நான் சொன்னேன்: "ஏளா, ஹார்பர்ல நிக்கிறத யாரு இங்கன கொண்டாந்து நிப்பாட்டுனது?"

நாற்பது பொம்பளைகள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சாயங்காலம் கம்பெனி வேன் மாப்பிள்ளையூரணியில் நின்றபோது, டிரைவர் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவளை இறங்கச் சொன்னார். ஒரு வாரத்தில் அவள் மாமியாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள்.

அவளும் சிரித்தாள் என்று எழுதிவிட்டேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் எல்லாருக்கும் வாயில் துணிக் கவசம் கட்டியிருந்தது. அவள் தோள் ரெண்டு தடவை குலுங்கியது. அதைத்தான் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கம்பெனியில் தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை, காலுக்கு முட்டுவரை ரப்பர் பூட்ஸ். வளையல் கூடாது, பூ கூடாது, மருதாணிகூடக் கூடாது. கறுப்பு, சிவப்பு, ஒல்லி, குண்டு எல்லாம் செருப்போடு வாசலில் நின்றுவிடும். உள்ளே நாற்பது ஜோடிக் கண்தான். எனக்கு அங்கே பேர் வைக்கவே கஷ்டமாக இருக்கும், பிடிக்கிறதற்கு ஒன்றும் கிடைக்காது. அவளுக்கு அந்தக் கண்ணே போதும். எவள் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவள் சாப்பிடாமல் வந்திருக்கிறாள், எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். தான் உரித்த இறாலில் ரெண்டு கை அள்ளி அந்தப் பொம்பளையின் தட்டில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி நிற்பாள்.

பிறகு டீ நேரத்தில் அவளைத் தேடிப் போவாள். போய், முதலில் உட்காருவாள். கவிழ்த்த வாளி, ஐஸ் பெட்டி, வெறும் தரை, எதுவாக இருந்தாலும் சரி. "உக்காரு, பேசுவோம்" என்பாள். மற்றவர்களிடம் அவள் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததில்லை. கடைத்தெருவில் யாராவது நிறுத்தி விசாரித்தால்கூடப் பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிடுவாள்.

"ஒனக்கு என்ன மூட்டு வலியாளா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. அண்ணாந்து பாத்துக்கிட்டே ஒரு பொம்பள தன் கஷ்டத்த எப்படிச் சொல்லுவா? கழுத்து வலிக்கும்லா."

அவள் புருஷன் சங்கு குளிக்கப் போகிறவர். அவள் தோளுக்குத்தான் வருவார். ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நடந்து வருவதைப் பார்க்க வேண்டும். அவர் தார் ரோட்டின் மேல் நடப்பார். அவள் ரோட்டோரத்துப் பள்ளத்தில் மணலுக்குள் நடந்து வருவாள். மழை பெய்து பள்ளத்தில் தண்ணீர் கிடந்தாலும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதிலேயே நடப்பாள். அப்படி நடந்தால் ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரமாகத் தெரிவார்கள். அவர் கடைசிவரை நிமிர்ந்துதான் நடந்தார். அது எதனால் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியாதா, எனக்குத் தெரியாது. நான் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன். அதையும் எழுத வேண்டாம்.

செல்வி என்று ஒரு பிள்ளை எங்களோடு வேலை பார்த்தாள். பிறக்கும்போதே மேல் உதடு பிளந்து, ஆஸ்பத்திரியில் தைத்த தழும்பு. வேலை நேரத்தில் வாய்த்துணி இருப்பதால் ராணி மாதிரி இருப்பாள். சாப்பாட்டு நேரம்தான் அவளுக்கு எமன். துணியை அவிழ்க்க வேண்டுமே. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள்.

ஒருநாள் இவள் தன் தூக்குச்சட்டியோடு போய், செல்விக்கும் எங்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டி. அந்த முதுகுக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. செல்வி அன்றைக்கு முழுச் சோறும் தின்றாள். அப்புறம் தினமும் அதேதான். செல்விக்குக் கல்யாணமாகிக் காயல்பட்டினம் பக்கம் போகிறவரை அந்த முதுகு அந்த இடத்தில் இருந்தது.

"என்னளா, செவுரு கட்டுதியோ?" என்று நான் கேட்டேன்.

"ஆமா. கடவுள் செங்கல்லு நெறையக் குடுத்துட்டாரு. சும்மா வச்சிருந்து என்ன செய்ய?"

அந்தச் செல்விதான் ஒருநாள் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அவங்க எல்லார்கிட்டயும் உக்காந்து பேசுதாங்க. ஒங்ககிட்ட மட்டும் நின்னுக்கிட்டே பேசுதாங்களே, ஏன்?"

"என்னைய மரியாதையா நடத்துதா" என்றேன். செல்வி சிரித்தாள். வேனில் அன்றைக்கு எனக்குக் காற்று வரவில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். மற்றவர்களுக்காகச் சட்டென்று மடங்குகிற அந்த முட்டி என் முன்னால் மடங்கவில்லை. கோபமெல்லாம் ஒன்றும் கிடையாது. நன்றாகப் பேசுவாள், என் ஜோக்குக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பாள், என் மூத்தவன் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது மூன்று நாள் என் வீட்டில் வந்து சமைத்துப் போட்டாள். ஆனால் நின்றுகொண்டு. நான் பேச வேண்டுமானால் அண்ணாந்துதான் பேச வேண்டும்.

இறால் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஜப்பான்காரி ஒருத்தி பார்வையிட வந்தாள். அன்றைக்கு எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். இவளை மட்டும் சூப்பர்வைசர் குளிர் அறைக்குள் அனுப்பிவிட்டார். வரிசை ஒரே மட்டமாக இருக்க வேண்டுமாம். இவள் போய்விட்டாள்.

ஜப்பான்காரி நேராகக் குளிர் அறைக்குத்தான் போனாள். பின்னாலேயே நாங்களும் எட்டிப் பார்த்தோம். இவள் அந்த அம்மாளைப் பார்த்ததும் பழக்கத்தில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜப்பான்காரி கையைப் பிடித்து எழுப்பினாள். பக்கத்தில் நின்று தன் தலையில் கை வைத்து அளந்தாள். கை இவள் மார்பில் வந்து இடித்தது. அந்த அம்மாள் வாய்த்துணிக்கு மேலேயே உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு சிரித்தாள். உடனே இவளும் தன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

கூட வந்த மொழிபெயர்க்கிற தம்பி சென்னைக்காரர். ஜப்பான்காரி அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் சொன்னார்: "இவங்க ஸ்கூல் படிக்கறப்ப கிளாஸ்லயே இவங்கதான் உயரமாம். கடைசி பெஞ்சாம். கூனிக்கிட்டே நடப்பாங்களாம். பசங்க ஏதோ பட்டப்பேர் வெச்சாங்களாம்."

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாள் எங்களைவிட ரெண்டு விரல் உயரம் இருந்தால் அதிகம். அந்த ஊரில் அது கூனுகிற உயரம்.

இவள் மட்டும் சிரிக்கவில்லை. "யாரு பேரு வச்சான்னு கேளுங்க தம்பி" என்றாள்.

அவர் கேட்டார். "கூட இருந்த ஃப்ரெண்டு ஒருத்தங்கதானாம்."

"இப்பவும் பேசுதாங்களா?"

"வருஷம் பொறந்தா ஒருத்தருக்கொருத்தர் கார்டு போட்டுப்பாங்களாம்."

"அந்தப் பேர எழுதித்தான் போடுவாங்களாமா?"

தம்பி அதையும் கேட்டார். ஜப்பான்காரி இல்லையென்று தலையை ஆட்டி, என்னமோ சொன்னாள். "அந்த ஃப்ரெண்டு அதை மறந்துட்டாங்களாம்" என்றார் தம்பி. "இவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்காம்."

இவள் ஜப்பான்காரியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். குளிர் அறையில் ரெண்டு பேர் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றிருந்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஏதாவது ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன்.

வெளியே வந்ததும், "நீ எதுக்குளா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்ச?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவளுக்குப் பல்லக் காட்டக் கூச்சம். நாம மட்டும் ஈன்னு இளிச்சா அவளுக்கு எப்படி இருக்கும்?"

போன வருஷம் நான் அவள் வீட்டில் இருக்கும்போது ஒரு காலேஜ் பிள்ளை கேள்வித் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தது. நாங்கள் ரெண்டு பேரும் வேலையை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. அவள் புருஷனும் போய்விட்டார். பிள்ளை ஸ்கூட்டியில் வந்திருந்தது. வெயிலுக்குப் பயந்து முகத்தைச் சுற்றித் துப்பட்டா, முழங்கைவரை உறை. வீட்டுக்குள் வந்து துப்பட்டாவை அவிழ்த்த பிறகும், எதிர்ச் சுவரில் இருந்த கண்ணாடியையே நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தது. பார்க்கும்போதெல்லாம் கன்னத்தில் இருந்த பருவைத் தொட்டுக்கொண்டது.

இவள் எழுந்து போய் ஒரு ஈரத் துண்டை எடுத்துவந்து அந்தக் கண்ணாடி மேல் காயப் போட்டாள். கொடியில் இடம் இல்லாதது மாதிரி. பிறகு அந்தப் பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "சொல்லு தாயி, என்ன கேக்கணும்?"

"மத்தவங்க மனச எந்த அளவுக்குப் புரிஞ்சுக்கிறோம், நம்ம உடம்ப நாமளே எப்படிப் பாக்கோம், ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு ஒரு ஆராய்ச்சி ஆன்ட்டி. வேற வேற நாட்டுலயும் எடுத்திருக்காங்க. நாங்க நம்ம ஊருக்கு எடுக்கோம்."

"இதுக்குக் காலேஜுக்கா போனிய?" என்றேன் நான். பிள்ளை நல்ல பிள்ளை, சிரித்துவிட்டுக் கேள்வியைப் படித்தது. ஒங்க உடம்புல ஒங்களுக்குப் பிடிக்காத பாகம் எது?

"எனக்கு வாயி" என்றேன். "மூடவே மாட்டேங்கு. எழுதிக்கோ."

பிள்ளை எழுதிக்கொண்டு அவளைப் பார்த்தது. உயரம் என்று சொல்லுவாள், கால் என்று சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன். சொன்னதும் எடுத்துவிட ஒரு ஜோக் தயாராக இருந்தது.

"காது" என்றாள்.

"காதா ஆன்ட்டி? காது நல்லாத்தான இருக்கு."

"பாக்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. எழுதிக்கோ."

பிள்ளை எழுதியது. நான் தயாராக வைத்திருந்த ஜோக்கை விழுங்கினேன். பிள்ளை போன பிறகு அவள் எழுந்து நின்று, "காப்பி குடிக்கியாளா?" என்று என்னைக் கேட்டாள். மேலேயிருந்து. அன்றைக்கு நான் காப்பி குடிக்காமல் வந்துவிட்டேன். அந்தப் பேரைச் சொல்வதை விட்டது அன்றைக்குத்தான். அவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டேன்.

தை மாசம் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் கட்டில் பத்தவில்லை. கால் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நர்ஸ் பிள்ளை ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் காலை எடுத்து வைத்திருந்தது. நான் என் துண்டால் பாதத்தை மூடிவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவள் படுத்திருந்தாள், நான் உட்கார்ந்திருந்தேன். அப்படி நாங்கள் அதற்கு முன் இருந்ததே இல்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மேலே தொங்கிய பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏளா" என்றாள்.

"சொல்லு."

"அந்தப் பேர வச்சியே, அன்னைக்கு என் மொகத்தப் பாத்தியா?"

ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'இல்ல' என்று சொல்லியிருந்தால் போதும்.

"அம்புட்டு ஒசரத்துல வச்சிருந்தா மொகம் எப்படிளா தெரியும்?" என்றேன். "ஏணி வச்சுல்லா ஏறணும்."

அவள் சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை வாயில் துணி இல்லை. நான்தான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் முடிந்துவிட்டது. அவள் மகன் ஜெரோம் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். போஸ்டர் அடிக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனான். போட்டோவுக்கு வீடெல்லாம் தேடினோம். கல்யாணம், பிள்ளைகளின் புதுநன்மைப் பூசை எதில் பார்த்தாலும் அவள் முன்வரிசைக் குழந்தைகளோடு தரையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள், முகம் பாதி தெரியவில்லை. கடைசியில் கம்பெனி அடையாள அட்டையில் ஒன்று கிடைத்தது. முகம் மட்டும்.

"பேரு?" என்று போஸ்டர்கடை அண்ணாச்சி கேட்டார். ஜெரோம் சொன்னான்.

"இந்தப் பேருல இந்த மாசம் இது ரெண்டாவது. அடைப்புக்குள்ள என்ன போட?"

ஜெரோம் வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணும் போட வேண்டாம் அண்ணாச்சி."

"போடாட்டா ஆளுக்குத் தெரியாதே ஆச்சி."

"போட்டோ இருக்குல்லா. தெரியும்."

"சித்தி, அம்மாவ எல்லாரும் அப்படித்தான கூப்பிடுவாங்க" என்றான் ஜெரோம். "அம்மாவே போன எடுத்தா அந்தப் பேரச் சொல்லித்தான் பேசும்."

"அவ சொல்லிக்கிடுவா. நாம போட வேண்டாம்ல. என் ஆசைக்கு இத ஒண்ண மட்டும் கேளு."

கேட்டான். முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பேரை நான் அவள் மேலிருந்து எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நல்ல காரியம் செய்கிற ஆள் மாதிரி வீட்டுக்கு நடந்துவந்தேன்.

மத்தியானத்துக்குள் போஸ்டர் எல்லாச் சுவரிலும் ஏறிவிட்டது. கோயிலில் துக்க மணி அடித்தது. ஆட்டோவில் மைக் கட்டி அந்த ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக்கொண்டே போனார்கள். நாங்கள் பந்தல் போட்டு நாற்காலி போட்டுக் காத்திருந்தோம். சொந்தக்காரர்கள் ஒரு பத்துப் பேர் வந்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து நாலு பேர். மற்ற நாற்காலிகள் அப்படியே இருந்தன. கம்பெனிப் பொம்பளைகளில் ஒருத்திகூட இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன ஊர் இது என்று திட்டினேன். யாருக்கெல்லாம் என்னவெல்லாம் செய்தாள், ஒரு எட்டு வந்து பார்க்க முடியவில்லையா என்று சத்தம் போட்டேன். அந்தப் போஸ்டருக்கு முன்னால் நின்று டீ குடித்தவர்கள்கூட அது யாரென்று தெரியாமல் குடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த முகத்தை யாரும் நின்று பார்த்ததில்லை. ஊர் பார்த்ததெல்லாம் அதற்குக் கீழே இருந்த உயரத்தைத்தான்.

மறுநாள் சாயங்காலம் பெட்டியை மூடி ஆணி அடித்து, கோயில் வண்டியில் ஏற்றினார்கள். தச்சர் அளவு கேட்டபோதே, "ஆம்பளைக்கா?" என்று கேட்டிருந்தார். வண்டியில் பெட்டி அடங்கவில்லை. கால் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

வண்டி கடைத்தெருவில் திரும்பியது. டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே பெட்டியைப் பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த பக்கத்தைப் பார்த்தார். கிளாஸ் கையிலேயே நின்றது. பிறகு சத்தமாக அந்தப் பேரைச் சொன்னார். "ஏலே, நம்ம அவளா இது?"

அந்தப் பேர் தெருவில் ஓடியது. கதவு கதவாகத் திறந்து ஆட்கள் வந்தார்கள். அடுப்பை அணைக்காமல் வந்தார்கள், செருப்புப் போடாமல் வந்தார்கள். வண்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது பின்னால் பெரிய கூட்டம் இருந்தது. அத்தனை பேரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அழுதார்கள். அந்தப் பேரைச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டார்கள். நான் துப்பிய பேரை அவர்கள் முப்பது வருஷமாக வேறு எதற்கோ உபயோகித்திருக்கிறார்கள். அந்தக் காதுக்கு அது எப்படிக் கேட்டதோ, அதைக் கேட்க இனி ஆள் இல்லை.

யாரோ போன் பண்ணிச் சொல்லி, செல்வி காயல்பட்டினத்திலிருந்து புருஷன் வண்டியில் ஏறி வந்து சேர்ந்தாள். வரும்போது குழியில் மண் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாயைப் பொத்தாமல், தழும்பு தெரிய அழுதாள். என்னைத் தேடிக் கண்டுபிடித்துத் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"நேத்தே அந்தப் போஸ்டர எங்க வீட்டுக்காரங்க போன்ல காட்டுனாங்க அக்கா. போட்டோ சின்னதாத் தெரிஞ்சுது, பேர மட்டும் பாத்து நான் யாரோன்னு விட்டுட்டேன். பேரப் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்லா. அவங்க மொகத்தயாவது பாத்திருப்பேன்லா."

என் வாயில் ஜோக் எதுவும் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு ஜெரோம் வேறு போஸ்டர் அடித்தான். என்னிடம் கேட்கவில்லை. அடைப்புக்குள் அந்தப் பேர் பெரிதாக இருந்தது. கோயில் கொள்ளவில்லை, பாதிப் பேர் வெளியே வெயிலில் நின்று பூசை பார்த்தார்கள்.

முதல் போஸ்டர் ஒன்று எங்கள் தெரு முனையில் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் இன்னும் இருக்கிறது. மேலே எல்லாம் டியூஷன் விளம்பரமும் கட்சி விளம்பரமும். இடம் இல்லாமல் கீழே ஒட்டியிருக்கிறார்கள். தினமும் அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போகிறேன். ரொம்ப நாள் தரையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிட்டேன். நேற்று நின்றேன்.

இடது கண்ணுக்குக் கீழே அவளுக்கு ஒரு மச்சம் இருக்கிறது. எனக்குத் தெரியாது. ஒரு புருவத்தில் சின்ன வெட்டு, சின்ன வயதில் எங்கேயோ விழுந்திருப்பாள். உதடு மூடியிருக்கிறது. ஆனால் சிரிக்கப் போகிற மாதிரியும் இருக்கிறது, அழப் போகிற மாதிரியும் இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க நான் கிட்டத்தில் போனேன். கழுத்தைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

எனக்காக அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.